இருபத்துமூன்றாவது பெயர்

நண்பர்களே, நம் பள்ளியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போகிறோம், பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வாட்ஸாப் குழுவில் கேட்டிருந்தீர்கள். அடிக்கல் நாட்டிய பிஷப் யார், மாடி எந்த வருஷம் கட்டினார்கள், மைதானத்துக்கு முதலில் சொந்தக்காரர் யார் என்பதையெல்லாம் எழுத உங்களில் தகுந்த ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஐந்தாம் வகுப்பின் ஒரு மழைக்காலமும் அதற்குப் பின் வந்த ஒரு தை மாதமும்தான். ஒரு பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பாதிப்பேர் ஆறாம் வகுப்பில் பெரிய ஸ்கூலில் வந்து சேர்ந்தவர்கள். மதிலுக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டி இருந்த எங்கள் சின்னப் பள்ளியை நீங்கள் பார்த்ததில்லை. ஒன்று முதல் ஐந்து வரை, பையன்கள் மட்டும். பலகையில் ‘பிரிப்பரேட்டரி ஸ்கூல்’ என்று நீளமாக எழுதியிருக்கும். நாங்கள் ‘பிரிப்’ என்போம். ஓடு போட்ட நீளமான கட்டடம். ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று தின்றுகொண்டே இருக்கும். கம்பியைப் பிடித்தால் கையில் துரு, கையைத் துடைத்தால் வெள்ளைச் சட்டையில் துரு. வீட்டுக்கு வீடு அம்மாக்கள் அந்தத் துருவைத் திட்டிக்கொண்டே துவைத்தார்கள். மேஜைகளில் மைப்புட்டி வைக்க வட்டமாகத் துளை போட்டிருக்கும். மைப்புட்டிக் காலம் முடிந்து பவுண்டன் பேனா வந்துவிட்டதால் அந்தத் துளைகளில் நாங்கள் நெல்லிக்காய்க் கொட்டைகளைப் போட்டு வைத்தோம். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து ஜெபம் சொல்ல வேண்டும். விபூதி பூசியவன், நாமம் போட்டவன், தொப்பி வைத்தவன் எல்லோரும் சொன்னோம். சொல்லி முடித்த கையோடு டிபன் டப்பா. இன்றைக்கும் எங்காவது பகல் மணி கேட்டால் எனக்குப் புளிசாதம் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் தி. நகர்க்காரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பம். மகன் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று அப்பா என்னை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்பினார். நான் முதலில் கற்றுக்கொண்டது இங்கிலீஷ் அல்ல. அதற்குக் காரணம் என் பெஞ்சுக்காரன்.

அவன் ஆற்றுக்கு அக்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன். அங்கே இருந்த சில வேதக்காரக் குடும்பங்களில், அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களில், ஒன்று அவனுடையது. அப்பா கடலுக்குப் போவார். அம்மா பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முனையில் மீன் விற்பார். மூன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் நான் “ரசம் கீதா?” என்று கேட்டு, அப்பா கையிலிருந்த சோற்று உருண்டையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சகவாசம் சரியில்லை என்று அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார்.

என் பெஞ்சுக்காரன் பெரிய கதைசொல்லி. தங்கள் கரையில் ஒதுங்கிய திருக்கை மீன் எங்கள் வகுப்பறைத் தரை அளவு இருந்தது என்பான். அதன் மேல் பதினோரு பேர் ஏறி நின்றார்கள் என்பான். அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கும். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது. எங்கள் வகுப்பு மிஸ் அந்தத் திருக்கையைக் கரும்பலகையில் வரையச் சொன்னார். அவன் பலகை முழுக்க வரைந்து, இடம் பத்தாமல், வாலைச் சுவரில் இழுத்துவிட்டான். சுவரைக் கழுவ வைத்தார்கள்.

அந்த வருஷம் பள்ளிக்குப் பவள விழா. மழை தொடங்கிய சமயம், காலை அசெம்பிளியில் பிரின்ஸிபால் ஃபாதர் அதை அறிவித்தார். உயரமான மனிதர். மங்களூர்ப் பக்கத்துக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். பள்ளியின் ஆரம்பகாலத்து ரெஜிஸ்டர்கள் எதுவும் இல்லை என்றார். ஒரு புயலில் சாமான் அறையின் ஓடு பறந்து, எல்லாம் நனைந்து கூழாகிவிட்டதாம். முதல் காலத்தில் இங்கே படித்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களை மேடையில் உட்கார வைத்து மரியாதை செய்ய வேண்டும், உங்கள் வீடுகளில் கேட்டு வாருங்கள் என்றார். மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் இருந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரை அவரே கண்டுபிடித்திருந்தார். இன்னும் யாராவது?

மறுநாள் வகுப்பில் மிஸ் கேட்டபோது இரண்டு மூன்று பேர் கை தூக்கினார்கள். ஒருவனின் பெரியப்பா, ஒருவனின் சித்தப்பா, எல்லாரும் பிற்காலத்தவர்கள். கடைசியாக என் பெஞ்சுக்காரன் எழுந்தான்.

“எங்க தாத்தா இங்கதான் மிஸ் படிச்சிது. வெள்ளக்காரப் புள்ளைங்ககூட.”

வகுப்பே சிரித்தது. திருக்கைக்குப் பிறகு அவன் எழுந்தாலே சிரிப்பு வந்துவிடும். மிஸ்ஸும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி படித்திருப்பார், அதைச் சொல்கிறாயா என்று எடுத்துக் கொடுத்தார். அவன் இல்லை என்றான். இந்த ஸ்கூல்தான், கிளாஸ்தான், பெஞ்சில் உட்கார்ந்துதான் என்றான். மிஸ்ஸுக்கு முகம் மாறியது. அந்தக் காலத்தில் இது துரைமார் பிள்ளைகளும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் படித்த பள்ளி என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஃபாதரும் அந்த எஞ்சினியரிடம் ஆள் விட்டுக் கேட்டார். குப்பத்துப் பையன் யாரும் தன்னோடு படித்ததாக நினைவில்லை என்று பதில் வந்தது. அதோடு அது பொய் என்று தீர்மானமாகிவிட்டது.

நான் இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். மிஸ்ஸுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். பொய்யை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கிள்ளினார். மன்னிப்புக் கேட்கிறவரை வராந்தாவில் நில் என்று அவனை வெளியே அனுப்பினார். அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் அவனோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிகிறவன். அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாயா, அந்தத் தாத்தாவைப் பார்த்திருக்கிறாயா, அவன் சொல்வது உண்மையா என்று கேட்டார்.

நான் போயிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். மணலில் கால் புதையப் புதைய, வலைகளுக்கும் படகுகளுக்கும் நடுவே அவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். அவன் தாத்தா படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். பிரிப்பில் படிக்கிறேன் என்றதும் என்னை உட்கார வைத்து, எந்த ரூம், ஜன்னல் கடல் பக்கமா ரோட்டுப் பக்கமா என்று கேட்டார். பிறகு எழுந்து நின்று, நாங்கள் அசெம்பிளியில் ராகம் போட்டுச் சொல்வோமே, “குட் மார்னிங், ஃபாதர்”, அதை அதே ராகத்தில், கடைசி எழுத்தை அதே போல இழுத்துச் சொல்லிக் காட்டினார். ஒரு தடவை கேட்டவர் சொல்வது போல இல்லை. தினம் சொன்னவர் சொல்வது போல இருந்தது. ஆகவே எனக்குத் தெரியும்.

மிஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் குப்பத்துக்குப் போனது வெளியே வந்துவிடும் என்று ஒரு பயம். அவனோடு சேர்த்து என்னையும் நிறுத்திவிடுவார்களோ என்று இன்னொரு பயம்.

“தெரியாது மிஸ்,” என்றேன்.

நான்கு நாள் அவன் வராந்தாவில் நின்றான். மழை சாய்ந்து அடிக்கும்போது சுவரோடு ஒட்டிக்கொள்வான். எங்கள் ஜன்னல் வழியாக அவன் தோளும் ஒரு காதும் மட்டும் தெரியும். இரண்டாம் நாள், ‘நான் பொய் சொல்லக் கூடாது’ என்று இங்கிலீஷில் நூறு தடவை எழுதி வரச் சொன்னார் மிஸ். அவன் நூறு தடவை எழுதித்தான் வந்தான். ‘என் தாத்தா இந்தப் பள்ளியில் படித்தார்’ என்று எழுதியிருந்தான். நூறிலும் ஒரே எழுத்துப்பிழை. மிஸ் அதை ஃபாதரிடம் கொண்டுபோனார். திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மதிலைத் தாண்டிப் பெரிய ஸ்கூலுக்குப் போக முடியாது. ஐந்தாம் வகுப்போடு வேறு எங்காவது போக வேண்டியதுதான்.

இதில் ஆச்சரியம், அவன் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. இடைவேளையில் என் டிபன் டப்பாவில் கை விட்டான். மழையில் தவளை பிடித்துக் காட்டினான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன், ஒரு பையன் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறான், இன்னொரு பையனுக்கு விஷயம் தெரியும் என்று. அப்பா துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

“ஏலே, அந்த இன்னொரு பையன் நீதான?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த துணியை எடுத்தார். “அவன் வீட்டு விவகாரத்துல நீ தலையிடாத. நமக்கு எதுக்குல அந்தச் சோலி? படிச்சோமா வந்தோமான்னு இரி.”

அப்பா கெட்டவர் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து கடை போட்டவர். யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் பத்திரம் என்று நம்பியவர். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை நகர்த்தியது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகும் அவனை உட்கார வைத்து எழுத வைத்திருந்தார்கள். நான் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் அவன் அம்மா மீன் விற்கும் முனைக்குப் போனேன். அவர் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மழையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாது என்று நான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் கை நின்றது. வீட்டில் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“நாலு நாளா வெளிய நிக்க வெச்சிகிறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை காலை முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில் பியூன் வந்து என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். போனால் அங்கே என் பெஞ்சுக்காரனின் அம்மா, அவர் பக்கத்தில் அவன் தாத்தா. தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். தலையைப் படியப் படிய வாரியிருந்தார். என் பெஞ்சுக்காரன் ஒரு மூலையில் நின்று என்னை முறைத்தான். தாத்தாவை இதில் இழுத்து விட்டதில் அவனுக்குக் கோபம்.

ஃபாதர் முதலில் ஆளைத் தப்பாகப் புரிந்துகொண்டார். இன்னொரு பேரனைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, கிளார்க்கை அழைத்து அட்மிஷன் பாரம் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மாதான், பாரம் வேண்டாம் ஃபாதர், என் மாமனாரைப் பாருங்கள், இவர் பொய்யா உண்மையா என்று இவரையே கேளுங்கள் என்றார். இந்தப் பிள்ளைதான் வந்து சொன்னது என்று என்னையும் காட்டினார். மிஸ்ஸையும் வரவழைத்தார்கள்.

ஃபாதர் மரியாதையாகத்தான் கேட்டார். எந்த வருஷம் படித்தீர்கள்? அவருக்கு வருஷம் தெரியவில்லை. அப்போது பிரின்ஸிபால் யார்? தாடி வைத்த சாமியார் என்றார். மணிக்கூண்டு எந்தப் பக்கம் இருந்தது? மணிக்கூண்டே கிடையாது, ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்றார். எந்தப் பதிலையும் சரிபார்க்க ஃபாதரிடம் எதுவும் இல்லை. அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் காரியம் கெட்டது என்று அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது.

“இவ்வளவு காலம் ஆகிவிட்டது. வேறு ஏதாவது நினைவு இருக்கிறதா?” என்று முடிக்கும் குரலில் கேட்டார் ஃபாதர்.

“அட்டென்டன்ஸ் தெரியும் ஃபாதர்.”

“என்ன அட்டென்டன்ஸ்?”

தாத்தா கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, நாங்கள் ஒப்பிக்க நிற்பது போல நின்றார். ஒரு பெயரைச் சொன்னார். ஒரு மூச்சு விட்டார். அடுத்த பெயர். இங்கிலீஷ்காரப் பெயர்கள், போர்ச்சுகீசியப் பெயர்கள், நடுவே ஒரு முதலியார், ஒரு ஐயர், ஒரு சாயபு. அதில் ஒரு தயக்கமும் இல்லை. வெள்ளைக்காரப் பெயர்களை வெள்ளைக்காரர் கூப்பிடும் விதமாகவே நாக்கைச் சுழற்றிச் சொன்னார்.

மூன்றாவது பெயரில் ஃபாதர் நிமிர்ந்தார். ஐந்தாவதில் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். முதல் காலத்து மாணவர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து விழாவுக்காக அனுப்பிய வகுப்புப் படம் அது. முந்தின வாரம்தான் தபாலில் வந்திருந்தது. யாருக்கும் காட்டவில்லை, விழாவில் காட்டலாம் என்று பூட்டி வைத்திருந்தார். படத்தைத் திருப்பினார். பின்பக்கம் பெயர்கள் மையில் எழுதியிருந்தன. “முதலிலிருந்து சொல்லுங்கள்,” என்றார். தாத்தா முதலிலிருந்து சொன்னார். மிஸ் பக்கத்தில் வந்து ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்துக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு பெயர். எல்லாம் இருந்தன. எழுதியிருந்த வரிசை வேறு, அவர் சொன்ன வரிசை வேறு, ஆனால் ஒரு பெயர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு தாத்தா இருபத்துமூன்றாவதாகத் தன் பெயரைச் சொன்னார்.

அது மட்டும் படத்தின் பின்னால் இல்லை.

ஃபாதர் படத்தை முன்பக்கம் திருப்பிக் காட்டினார். வரிசை வரிசையாகப் பையன்கள், நடுவே தாடிச் சாமியார். “இதில் நீங்கள் இல்லையே?” என்றார். குரல் முன் போல இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

தாத்தா படத்தைக் கிட்டே வாங்கிப் பார்த்தார். ஒருவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார்.

“படம் புடிக்க அல்லாரும் பூட்ஸ் போட்டுகினு வரணும்னாங்க ஃபாதர். நம்மகிட்ட ஏது? அன்னிக்கு நான் வர்ல.”

மிஸ் குனிந்துகொண்டார். ஃபாதர்தான் கடைசியில், அத்தனை பெயரும் எப்படி மறக்காமல் இருக்கிறது என்று கேட்டார்.

“கடைசிப் பேரு என்துதான். எங்க வுட்டுட்டு புஸ்தகத்த மூடிடுவாங்களோன்னு ஒவ்வொரு பேரா எண்ணிகினே ஒக்காந்துனு இருப்பேன். ரெண்டு வருசம். அப்பால அப்பாவுக்கு ஒடம்பு முடியல, கடலுக்குப் போயிட்டேன்.”

அதுவரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஃபாதருக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது. மேஜையைச் சுற்றி வந்து தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். தன் பேனாவைத் திறந்து, படத்தைத் திருப்பி, உங்கள் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டார். தாத்தா எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். புது மை பளபளவென்று இருந்தது. மற்ற பெயர்களின் மை பழுப்பாகியிருந்தது.

மிஸ் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். என் பெஞ்சுக்காரனின் கையைப் பிடித்து வகுப்புக்குள் அழைத்து வந்து, எல்லார் முன்னாலும் நிறுத்தி, இவன் சொன்னது உண்மை, நான்தான் தவறாக நினைத்துவிட்டேன் என்றார். ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. கேட்கச் சங்கடமாக இருந்தது. யாரையோ பார்க்கக் கூடாத கோலத்தில் பார்த்துவிட்டது போல எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பெஞ்சுக்காரன் மட்டும், “பரவால்ல மிஸ்,” என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். நிஜத்தில் எவ்வளவு பெரிய காரியம் செய்தார் அந்தப் பெண் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. என் ஆபீசில் நான் அப்படிச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள் இரண்டு வந்தன. சொல்லவில்லை.

பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. தாத்தா வாரம் இரண்டு நாள் ஆபீசுக்கு வருவார். அவர் சொல்லச் சொல்ல கிளார்க் எழுதிக்கொள்வார். யார் யார் எந்தப் பெஞ்சு, எந்தச் சாமியார் எதைச் சொல்லிக் கொடுத்தார், மைதானத்தில் எங்கே சேறு கட்டும் என்று. கூழாகிப்போன ரெஜிஸ்டருக்குப் பதிலாக அந்த நோட்டுதான் இன்றைக்கும் பள்ளியில் இருப்பது. நாங்கள் விழாவுக்கு ஒத்திகை பார்த்தோம். நான் தேவதூதன். அட்டையில் செய்து ஜிகினா ஒட்டிய சிறகு. அது எங்கே போயிற்றோ. அம்மா வெகுகாலம் பீரோ மேல் வைத்திருந்தார். ஜிகினா உதிர்ந்து வீட்டில் எல்லாத் துணியிலும் ஒட்டும்.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விழா. மைதானத்தில் பந்தல். கடல் காற்றில் பந்தல் துணி புடைத்துப் புடைத்து அடங்கியது. மேடையில் பிஷப், ஃபாதர், மயிலாப்பூர் எஞ்சினியர், தாத்தா. எஞ்சினியர் கோட்டு போட்டு, அங்கவஸ்திரம் போட்டு, கைத்தடியோடு வந்திருந்தார். தாத்தாவுக்கு வணக்கம் சொன்னார். அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காது கொஞ்சம் மந்தம் போலவும் இருந்தது.

தாத்தாவைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் அவருக்கு வார்த்தை வரவில்லை. கையைக் கூப்பினார், இறக்கினார். கூட்டம் சலசலத்தது. என் பெஞ்சுக்காரன் கீழே முதல் வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஃபாதர் எழுந்து தாத்தாவின் காதில் ஏதோ சொன்னார். தாத்தா தலையை ஆட்டிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதல் பெயர். மூச்சு. இரண்டாவது பெயர். பந்தல் அடங்கிவிட்டது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள், அல்லது கப்பலேறிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கடல் சத்தம் மட்டும் கேட்டது. எட்டுப் பெயர் அப்படிப் போயிற்று. ஒன்பதாவது பெயரைச் சொன்னார்.

“பிரசன்ட், சார்.”

எஞ்சினியர் எழுந்து நின்றிருந்தார். கைத்தடி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தான் எழுந்ததே அவருக்குத் தெரிந்ததா என்று சந்தேகம். தாத்தா திரும்பிப் பார்த்தார். எஞ்சினியர் இரண்டு எட்டு வைத்துக் கிட்டே வந்து, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது.

“நீ ஈரத் தலையோட வருவியோன்னோ? என் பக்கத்துல உக்காந்துண்டு என் சிலேட்டெல்லாம் நனைச்சுட்டு... ஆத்துல நான் திட்டு வாங்குவேனே.”

“ஆத்தத் தாண்டி கட்டுமரத்துல வரணும் சாமி,” என்றார் தாத்தா. “சட்டைய பானைக்குள்ள வெச்சிருவேன். தலைய எங்க வெக்கறது?”

பந்தல் மொத்தமும் சிரித்தது. பிஷப்பும் சிரித்தார். எஞ்சினியர் மட்டும் சிரிக்காமல் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நினைவில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேனே, நினைவில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேனே என்று இரண்டு தடவை சொன்னார். மீதிப் பெயர்களைச் சொல்லவே இல்லை. இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எங்கள் நாடகம், கோலாட்டம், பிஷப்பின் உரை எதையும் அவர்கள் கவனிக்கவில்லை. கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார்கள். என் சிறகை அவர்கள் பார்க்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

என் அப்பா பின்வரிசையில் இருந்தார். விழா முடிந்ததும் நான் சிறகோடு அவரைத் தேடிப் போனபோது அவர் தாத்தாவிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, “சும்மா, எந்த ஊருன்னு கேட்டேன்,” என்றார். அதற்குப் பிறகு நான் குப்பத்துக்குப் போவது வீட்டில் ரகசியமாக இல்லை.

அன்றைக்கு எங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். இரண்டு போண்டாவும் ஒரு லட்டும். நானும் என் பெஞ்சுக்காரனும் மதில் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டோம். மனதில் இருந்ததை அப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மிஸ் என்னைக் கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டேன்டா என்றேன்.

“தெரியும்,” என்றான் போண்டாவை மென்றுகொண்டே. “நான் ஜன்னலாண்டதான நின்னுகினு இருந்தேன். கேட்டுச்சு.”

அத்தனை நாளும் தெரிந்தேதான் என் டிபன் டப்பாவில் கை விட்டிருக்கிறான். பிறகு ஏன் என்னோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

“நாள் பூரா வெளிய ஒண்டியா நிக்கறேன். இன்டர்வல்லயும் உன்னாண்ட பேசலைன்னா நான் இன்னாதான்டா பண்றது?” என்றான். என் பொட்டலத்தில் மிச்சமிருந்த லட்டில் பாதியைப் பிய்த்துக்கொண்டான்.

அவன் என்னோடு மதிலைத் தாண்டிப் பெரிய ஸ்கூலுக்கு வந்தான், துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான், ஓய்வும் பெற்றுவிட்டான். இப்போது கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். உங்கள் குழுவில் சேர மாட்டேன், டைப் அடிக்கக் கை வராது என்கிறான். நேற்றுக் காலை போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினான். பாதி நேரம் முழங்கால் வலியைப் பற்றி. மீதி நேரம், கரையில் ஒதுங்கியிருக்கும் ஒரு மீனைப் பற்றி. லாரி அளவு இருக்கிறதாம். சாயங்காலம் போய்ப் பார்க்கப் போகிறேன்.